பல லினக்ஸ், ஒரு மிரர்: உள்ளூர் களஞ்சியம் எங்கே இடறுகிறது

இருநூறு கணினிகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இணையத்துக்குப் போய் அதே கெர்னலையும் அதே உலாவியையும் இறக்கிக்கொள்வது வீண் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினிக்கு 400 மெகாபைட் என்று வைத்தாலும் ஒரு சுற்று அப்டேட்டுக்கு 80 ஜிகாபைட் ஆகிறது. கன்டெய்னர்கள் (நிரலைத் தன் சூழலோடு தனித்து ஓடவிடும் பெட்டிகள்) வந்த பிறகு நிலைமை இன்னும் முற்றிவிட்டது. ஒவ்வொரு முறை அவற்றுக்கான இமேஜ் கட்டும்போதும் பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொட்டலங்கள், புதிதாக இறங்குகின்றன. ஒரு சிறு குழுவின் தானியங்கிச் சோதனைகளே ஒரு பெரிய ஆய்வகத்தின் அளவுக்கு இணைப்பைத் தின்றுவிடுகின்றன. நமக்கென்று ஒரு மிரர், அதாவது பேக்கேஜ் களஞ்சியத்துக்கு ஓர் உள்ளூர் நகல், வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை அப்போதுதான் எழுகிறது. எழுந்த கையோடு யாராவது பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்.

வட்டு இந்த வேலையில் எளிதான பகுதி. பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். நிறைந்தால் இன்னொன்று போடலாம். மிரர் வைத்தவர்களைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று: இந்த நிமிடத்தில் என் கணினிகள் களஞ்சியத்தின் எந்தக் கணத்து நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, அந்த நிலவரம் தனக்குள் முரணில்லாமல் இருக்கிறதா என்ற கேள்வி. ஒரே ஒரு வழங்கல் (லினக்ஸின் ஒரு வகை) என்றால் இதற்கான விடையை ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ராக்கி, ஆர்ச் என்று கலந்துகட்டி வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

மாறுவதும் மாறாததும்

எந்த வழங்கலின் களஞ்சியத்தைத் திறந்தாலும் உள்ளே இரண்டு வகைக் கோப்புகள்தான் இருக்கும். ஒன்று, பேக்கேஜ்கள். பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால் ஒரு முறை வெளியான கோப்பு பிறகு மாறுவதே இல்லை. புதிய பதிப்பு புதிய பெயரில் வரும், பழையது ஒருநாள் நீக்கப்படும். இரண்டாவது, அட்டவணைகள். எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பு எங்கே இருக்கிறது, அதன் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்) என்ன என்று சொல்லும் சிறிய கோப்புகள் இவை. பெரும்பாலும் இவற்றின் பெயர் மாறாது. உள்ளடக்கம் மட்டும் நாளுக்குச் சில முறை மாறிக்கொண்டே இருக்கும். இடத்தில் பெரும்பங்கைப் பேக்கேஜ்கள் அடைத்துக்கொள்கின்றன. தொல்லையில் பெரும்பங்கு இந்தச் சிறிய அட்டவணைகளிலிருந்து வருகிறது.

டெபியனில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் டெபியன் தன் களஞ்சியத்தை மாற்றி அமைத்தது. அதிலிருந்து பேக்கேஜ்கள் எல்லாம் 'பூல்' என்ற அடைவிலும் அட்டவணைகள் 'டிஸ்ட்ஸ்' என்ற அடைவிலும் இருக்கின்றன. ஒரு கணினியில் 'ஆப்ட்' என்ற பேக்கேஜ் கருவிக்கு 'ஆப்ட் அப்டேட்' என்று கட்டளை கொடுத்ததும் அது முதலில் 'இன்ரிலீஸ்' என்ற கோப்பைக் கேட்கிறது. டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் அதில்தான் இருக்கிறது. கையொப்பம் சரி என்றால், அதே கோப்புக்குள் எழுதியிருக்கும் ஹேஷைக் கொண்டு 'பேக்கேஜஸ்' என்ற அட்டவணையைச் சரிபார்க்கிறது. அந்த அட்டவணையில்தான் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பூலில் உள்ள முகவரியும் அதன் ஹேஷும் இருக்கின்றன. மேலே ஒரு கையொப்பம், அதற்குக் கீழே ஹேஷுக்கு ஹேஷாகத் தொங்கும் சங்கிலி. இதில் ஒரு கண்ணி மட்டும் ஐந்து நிமிடம் முந்தினாலோ பிந்தினாலோ சங்கிலி அறுந்துவிடும்.

இப்போது ஒருவர் எளிமையாக, கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் நிரலின் கட்டளை ஒன்றை இரவு இரண்டு மணிக்கு ஓட விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்சிங்க் கோப்புகளை ஆங்கில அகரவரிசையில்தான் எடுத்துக்கொண்டு போகும். டிஸ்ட்ஸ் 'டி'யில் தொடங்குகிறது, பூல் 'பி'யில். எனவே புதிய அட்டவணைகள் முதலில் வந்து இறங்கிவிடுகின்றன. அவை சுட்டிக்காட்டும் பேக்கேஜ்கள் இன்னும் வழியில் இருக்கின்றன. நூலகத்தில் புத்தகம் வந்து சேர்வதற்கு முன்பே பட்டியலில் ஏற்றிவிட்ட கதைதான். அந்த இடைவெளியில் அப்டேட் கேட்கும் கணினி, இல்லாத கோப்பைத் தேடிப் போய் 'கிடைக்கவில்லை' என்ற 404 பிழையை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அட்டவணைகளிலேயே பாதி புதிது, பாதி பழையது என்ற நேரத்தில் கேட்டால் ஹேஷ் பொருந்தவில்லை என்ற பிழை வரும். கோப்பின் அளவு எதிர்பார்த்தபடி இல்லை, மிரர் ஒத்திசைவு நடந்துகொண்டிருக்கிறதா என்று ஆப்ட் கேள்விக்குறியோடு கேட்கும் அந்த வரியைப் பார்த்திராத லினக்ஸ் நிர்வாகி இருக்க மாட்டார்.

இதற்கான வைத்தியம் பழையது. ஒத்திசைவை இரண்டு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும்: முதல் கட்டத்தில் அட்டவணைகளை விட்டுவிட்டுப் பேக்கேஜ்களை மட்டும் கொண்டுவர வேண்டும், எதையும் நீக்கக் கூடாது, இரண்டாம் கட்டத்தில் அட்டவணைகளைப் புதுப்பித்து, அதற்குப் பிறகே பழைய பேக்கேஜ்களைத் துடைக்க வேண்டும். டெபியன் திட்டம் தன் மிரர்களுக்குப் பரிந்துரைக்கும் 'எஃப்டிபிசிங்க்' நிரல்தொகுப்பு இதைத்தான் செய்கிறது. தானே எழுதிய பத்து வரி நிரலைவிட அதைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து. அந்தப் பத்து வரியும் நாளடைவில் எஃப்டிபிசிங்க்காகவேதான் வளர்ந்து நிற்கும்.

பிற்பாடு, 2016 வாக்கில், டெபியனும் உபுண்டுவும் இன்னொரு தீர்வையும் சேர்த்தன. ஒவ்வொரு அட்டவணையையும் அதன் ஹேஷையே பெயராகக் கொண்டும் ஒரு தனி அடைவில் வைக்கின்றன. ஆப்ட் அந்தப் பெயரில் கேட்கிறது. பழைய அட்டவணை கொஞ்ச காலம் பக்கத்திலேயே இருப்பதால், பழைய இன்ரிலீஸைக் கையில் வைத்திருக்கும் கணினிக்கும் பொருத்தமான அட்டவணை கிடைத்துவிடுகிறது. மாறும் கோப்பை மாறாத கோப்பாக்கிவிடும் தந்திரம் இது. ஆனால் மிரர் எடுக்கும் கருவி இந்த அடைவையும் சேர்த்து இறக்கினால்தான் பலன் உண்டு. பழைய கருவிகள் சில அதைக் கண்டுகொள்வதில்லை.

ஃபெடோரா, ராக்கி போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பேக்கேஜ்களின் உலகத்தில் இதே சிக்கல் பாதி தற்செயலாகவே தணிந்திருக்கிறது. அங்கே எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 'ரெப்போஎம்டி' என்ற ஒரே கோப்பு. அதன் கீழ் உள்ள அட்டவணைகளின் பெயர்கள் ஹேஷில் தொடங்குகின்றன. ஹேஷ் எண்களும் 'ஏ' முதல் 'எஃப்' வரையான எழுத்துகளும் அகரவரிசையில் 'ஆர்' எழுத்துக்கு முன்னால் வருபவை. ஆகவே ஆர்சிங்க் வரிசையில் ரெப்போஎம்டி தானாகவே கடைசியில் போய் நின்றுகொள்கிறது. பெரிய எழுத்தில் தொடங்கும் 'பேக்கேஜஸ்' அடைவும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, நல்ல காலம். நீக்கும் வேலையில் மட்டும் இந்த அதிர்ஷ்டம் உதவாது. இப்போதைய ஆர்சிங்க், நீக்கச் சொன்னால் போகிற போக்கிலேயே அடைவு அடைவாக நீக்கிக்கொண்டு போகும். பழைய அட்டவணை இன்னும் இருக்கும்போதே பழைய பேக்கேஜ் மறைந்துவிடும். நீக்குவதைக் கடைசிக்குத் தள்ளும் விருப்பத்தை வெளிப்படையாகக் கொடுத்தாக வேண்டும்.

ஆர்சிங்க் பற்றி ஒரு வார்த்தை. 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராஸும் வெளியிட்ட இந்த நிரலின் புகழ், ஒரு கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் திறமையில் இருக்கிறது. மிரர் வேலையில் அந்தத் திறமைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பேக்கேஜ் ஒன்று உள்ளது, அல்லது இல்லை, அவ்வளவுதான். நேரம் முழுவதும் போவது இரு பக்கமும் லட்சக்கணக்கான கோப்புகளின் பெயரையும் அளவையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில். எதுவும் மாறாத நாளில்கூட மேல்நிலை சர்வரின் (நாம் நகலெடுக்கும் சர்வரின்) வட்டு முழுவதையும் நீங்கள் ஒரு முறை கிளறிவிட்டு வருகிறீர்கள். அதனால்தான் ஃபெடோரா, கோப்புப் பட்டியலை ஒரே கோப்பாக வெளியிட்டு, அதை ஒப்பிட்டு மாறியதை மட்டும் கேட்கும் ஒரு நிரலைத் தன் மிரர்களுக்குத் தருகிறது. ஆர்ச், களஞ்சியம் கடைசியாக எப்போது மாறியது என்பதை ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்து, முதலில் அதைப் பார்த்துவிட்டு, மாறியிருந்தால் மட்டும் ஒத்திசைக்கச் சொல்கிறது. இது பண்பாட்டு விஷயமும்கூட. மேல்நிலை மிரர்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும் தன்னார்வலர்களும்தான். எல்லோரும் மணி அடித்த நொடியில் கதவைத் தட்டினால் அவர்கள் பாடு திண்டாட்டம். முழு மணியைத் தவிர்த்து ஏதோ ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைமை சர்வரை விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள நல்ல இரண்டாம் நிலை மிரரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது மிரர்தானா

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை எழுப்பியாக வேண்டும். 2023-இல் வந்த டெபியன் 12-இல் 64,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இருக்கின்றன. ஒரு சாதாரண மேசைக்கணினியில் நிறுவப்பட்டிருப்பவை இரண்டாயிரத்தைச் சுற்றியே இருக்கும். இருநூறு கணினிகள் இருந்தாலும் அவை அநேகமாக அதே இரண்டாயிரத்தைத்தான் கேட்கும். மற்ற அறுபதாயிரத்தையும் இரவிரவாக இறக்கி வைப்பதற்கு ஏதாவது காரணம் வேண்டும் அல்லவா? டெபியனின் எல்லா வகைச் செயலிகளுக்குமான முழுக் களஞ்சியம் டெராபைட் கணக்கில் போகிறது. உபுண்டு, ஃபெடோரா இரண்டும் அப்படியே. ஆர்ச் மட்டும் ஒரே செயலிவகை, ஒவ்வொன்றிலும் கடைசிப் பதிப்பு மட்டும் என்ற கொள்கையால் சில நூறு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

வழங்கல்களைக் கூட்டும்போது இடம் பகிரப்படும் என்றும் எதிர்பார்க்க முடியாது. ராக்கியும் அல்மாவும் ரெட்ஹேட்டின் மூலநிரலைச் சார்ந்து வருபவைதான்; ஆனால் ஒவ்வொன்றும் தனியாகக் கட்டித் தனியாகக் கையொப்பம் இடுவதால் கோப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. டெபியனும் உபுண்டுவும் அப்படித்தான். பேக்கேஜ்கள் ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டவை என்பதால் கோப்பு முறைமையின் சுருக்கும் வசதியை இயக்குவதும் வீண் வேலை. ஃபெடோராவில் ஒரே கோப்பு பல இடங்களில் ஹார்ட்லிங்க்காக (ஒரே தரவுக்குப் பல பெயர்களாக) இருக்கும். அதைக் காப்பாற்றும் விருப்பத்தை ஆர்சிங்க்கில் கொடுக்க மறந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை இடம் போகும்.

ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் போதுமானது, கேட்டதை மட்டும் சேமித்து வைக்கும் இடைச்சேமிப்புதான். டெபியன், உபுண்டுவுக்கு 'ஆப்ட்கேச்சர் என்ஜி', ஆர்ச்சுக்குப் 'பக்கோலோக்கோ', பொதுவாக எல்லாவற்றுக்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்று வழிகள் பல. முதல் கணினி கேட்கும்போது இணையத்திலிருந்து வரும். அடுத்த 199 கணினிகளுக்கு உள்ளூரிலிருந்தே போகும். மேலே சொன்ன மாறுவது, மாறாதது என்ற வேறுபாடு இங்கே நேரடியாகவே உதவுகிறது. பேக்கேஜ் கோப்புகளை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் சேமித்து வைக்கலாம்; அட்டவணைகளை ஒவ்வொரு முறையும் மேலிடத்தில் மாறியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டே கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நாள் சேமித்து வை என்று ஒரே விதியை எழுதினால், ஒத்திசைவுப் பிழைகளை நீங்களே தயாரித்து விநியோகிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

முழு மிரர் உண்மையிலேயே தேவைப்படும் சூழல்கள் வேறு. இணையமே இல்லாத வலையமைப்பு, நாள்கணக்கில் அறுந்துபோகும் இணைப்பு, எந்த நேரத்தில் எந்தப் பேக்கேஜைக் கேட்பார்கள் என்று ஊகிக்க முடியாத பெரிய கல்வி வளாகம். இன்னொன்றும் உண்டு, பலரும் பிறகே உணரும் காரணம் அது. நாம் சொல்லும்வரை களஞ்சியம் மாறக் கூடாது என்ற தேவை.

நிறுத்தி வைத்த களஞ்சியம்

ஐம்பது சர்வர்களுக்கு இன்று அப்டேட் போட்டுச் சோதித்துவிட்டு, அடுத்த வாரம் ஐந்நூறு சர்வர்களுக்கு அதையே போட வேண்டும். இடையில் களஞ்சியம் நகர்ந்துவிட்டால், சோதித்தது ஒன்று, நிறுவுவது இன்னொன்று. இதற்காகவே மிரரின் ஒரு கணத்தைப் படம்பிடித்து வைக்கும் கருவிகள் இருக்கின்றன. டெபியன் குடும்பத்துக்கு 'ஆப்ட்லி', பல வகைக் களஞ்சியங்களுக்கும் பொதுவாகப் 'பல்ப்'. சோதனைக் கணினிகள் ஒரு படத்தையும் மற்றவை முந்தைய படத்தையும் பார்க்கும். சோதனை முடிந்ததும் ஒரு சுட்டியை மாற்றினால் போதும். கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட் வசதியைக் கொண்டும் இதை எளிமையாகச் செய்யலாம். எல்லாம் இறங்கி முடித்த பிறகே புதிய படத்தை வெளியிடுவதால், இரண்டு கட்ட ஒத்திசைவின் தலைவலியும் இதோடு போய்விடுகிறது. முழு மிரர் வைப்பவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே வைக்கலாம் என்று சொல்வேன்.

மிரருக்கு பேக்கப் தேவையா என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. இன்றைய களஞ்சியம் அழிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்; அதற்குப் பேக்கப் எடுப்பது வட்டை வீணாக்குவது. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படம் அப்படியல்ல, அது மேலிடத்திலும் இருக்காது. டெபியனுக்கும் ஆர்ச்சுக்கும் பழைய நாள்களின் களஞ்சியத்தைத் தேதிவாரியாகத் தரும் பொதுச் சேவைகள் இருக்கின்றன. எல்லா வழங்கல்களுக்கும் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது.

கையொப்பம் எங்கே இருக்கிறது

பல வழங்கல்களை ஒரே சர்வரில் வைப்பவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டெபியனும் உபுண்டுவும் அட்டவணையின் தலைக்கோப்பில் கையொப்பம் இடுகின்றன. தனிப் பேக்கேஜில் கையொப்பத்தை ஆப்ட் பார்ப்பதில்லை. ஃபெடோராவில் தலைகீழ். ஒவ்வொரு பேக்கேஜிலும் கையொப்பம் உண்டு, ரெப்போஎம்டியில் இல்லை. ஆர்ச்சும் பேக்கேஜில் கையொப்பம் இடுகிறது, அட்டவணையில் இடுவதில்லை. ஆல்பைன் என்ற வழங்கல் இரண்டிலும் இடுகிறது.

இதனால் என்ன? ஃபெடோரா இந்தக் குறையை வேறு வழியில் ஈடுகட்டுகிறது. கணினி முதலில் பாதுகாப்பான இணைப்பில் ஃபெடோராவின் மையச் சேவையிடம் மிரர் பட்டியலைக் கேட்கிறது. அந்தப் பட்டியலிலேயே ரெப்போஎம்டியின் ஹேஷும் வந்துவிடுகிறது. பழைய நிலவரத்தை வைத்துக்கொண்டிருக்கும் மிரரோ திருத்தப்பட்ட அட்டவணையைத் தரும் மிரரோ அங்கேயே மாட்டிக்கொள்ளும். இப்போது நீங்கள் உள்ளூர் மிரர் அமைத்து, அமைப்புக் கோப்பில் அந்தப் பட்டியல் வரியை நீக்கிவிட்டு உங்கள் சர்வரின் முகவரியை நேரடியாக எழுதுகிறீர்கள். எல்லாம் வேலை செய்கிறது, வேகமாகவே வேலை செய்கிறது. ஆனால் அட்டவணை உண்மையானதா, புதியதா என்று சரிபார்க்கும் ஒரே ஏற்பாட்டையும் அந்த ஒரு வரியோடு கழற்றிப் போட்டுவிட்டீர்கள். டெபியன் மிரரை உள்வலையில், மறைகுறியாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியில் வைப்பதற்கும் ஃபெடோரா மிரரை அப்படி வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். பின்னதற்கு எச்டிடிபிஎஸ் போடாமல் விடக் கூடாது. ஃபெடோராவின் மையச் சேவையிலேயே உங்கள் வலையமைப்பின் முகவரி வரம்பைத் தனியார் மிரராகப் பதிவு செய்துகொள்ளும் வழியும் உண்டு; அப்போது கணினிகளின் அமைப்பைத் தொடாமலே அவை உள்ளூர் மிரருக்கு அனுப்பப்படும், சரிபார்ப்பும் நிலைக்கும்.

கையொப்பம் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2008-இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். ஒரு கற்பனை நிறுவனத்தின் பெயரில் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, சென்ட்ஓஎஸ், டெபியன் ஆகிய ஐந்தின் மிரர் பட்டியல்களிலும் இடம்பிடித்தார்கள். பொய்யான பேக்கேஜைத் தர அவர்களால் முடியாது. தர வேண்டிய அவசியமும் இல்லை. முறையாகக் கையொப்பமிட்ட பழைய அட்டவணையையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பதிப்புதான் கடைசிப் பதிப்பு என்று கணினி நம்பிக்கொண்டே இருக்கும். டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியத்தில் இன்ரிலீஸ் கோப்பு ஏழு நாளில் காலாவதியாவது இதற்கான மாற்றுமருந்து. டெபியனின் நிலையான பதிப்பின் மையக் களஞ்சியத்திலும் உபுண்டுவிலும் அந்தக் காலாவதித் தேதி இல்லை.

கெட்ட எண்ணமே இல்லாத உங்கள் உள்ளூர் மிரரும் இதே தாக்குதலைத் தன்னையறியாமல் நடத்த முடியும் என்பதுதான் நிர்வாகிக்கு உறைக்க வேண்டிய செய்தி. ஒத்திசைவு நிரல் மூன்று வாரத்துக்கு முன்பு நின்றுபோயிருக்கிறது. வட்டு நிறைந்திருக்கலாம், மேல்நிலை சர்வரின் முகவரி மாறியிருக்கலாம். வெப் சர்வர் நன்றாக ஓடுகிறது. இருநூறு கணினிகளும் தினமும் வந்து கேட்டு, 'எல்லாம் புதிதாகவே இருக்கிறது' என்ற பதிலைப் பெற்றுத் திருப்தியோடு போகின்றன. செத்துப்போன மிரர் ஊரையே எழுப்பிவிடும். தேங்கிப்போன மிரர் ஊமைக் காயம். எனவே சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு ஆகாது. இன்ரிலீஸில் உள்ள தேதி, ரெப்போஎம்டியில் உள்ள நேர முத்திரை, ஆர்ச்சின் கடைசி மாற்றக் கோப்பு, டெபியனில் ஒவ்வொரு மிரரும் தன் தடத்தை எழுதிவைக்கும் 'டிரேஸ்' அடைவு ஆகியவற்றை மேலிடத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு ஒரு நாளைத் தாண்டினால் கூவ வேண்டும். இணையம் அற்ற வலையமைப்பில் நிறுத்திவைத்த படத்தைப் பயன்படுத்துவதற்காகக் காலாவதிச் சோதனையை அணைக்க வேண்டியிருக்கும். அங்கே இந்தக் கண்காணிப்பு இன்னும் அவசியம்.

பாதுகாப்புக் களஞ்சியத்தை மிரர் எடுக்கவே வேண்டாம், கணினிகள் நேராகவே கேட்கட்டும் என்பது டெபியனின் நெடுநாளைய அறிவுரை. இணையம் இருக்கும் இடங்களுக்கு அது சரியான அறிவுரை. அளவும் சிறியது, இடைச்சேமிப்பே போதும்.

மிரர் சர்வர் தானே தாக்குதலுக்கு ஆளாகவும் கூடும். 2025 ஜனவரியில் ஆர்சிங்க்கின் சர்வர் பகுதியில் கடுமையான ஓட்டைகள் வெளியாகி 3.4.0 பதிப்பில் அடைக்கப்பட்டன. உள்வலைக்கு மட்டும் மிரர் வைப்பவர்கள் ஆர்சிங்க் சேவையைத் திறந்து வைக்க வேண்டிய தேவையே இல்லை. வெப் சர்வர் போதும். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2019 ஜனவரியில், ஆப்ட் எச்டிடிபி திருப்பிவிடல்களைக் கையாளும் விதத்தில் ஓர் ஓட்டை வெளிவந்தது. இடையில் நிற்பவர் கையொப்பச் சோதனையையே ஏமாற்ற முடிந்தது. கையொப்பம் இருக்கிறது, எனவே சாதாரண எச்டிடிபி போதும் என்ற வாதத்தின் பலம் அன்றோடு கொஞ்சம் குறைந்தது.

மிரர் அமைப்புக் கோப்பும் பழசாகும்

ஒரு முறை எழுதி ஓடவிட்ட அமைப்பு பல ஆண்டுகள் அப்படியே இருந்துவிடுகிறது; வழங்கல்கள் அப்படி இருப்பதில்லை. டெபியன் 11-இல் பாதுகாப்புக் களஞ்சியத்தின் பாதை மாறியது. டெபியன் 12-இல் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் உள்நிரல்) எல்லாம் புதிதாக ஒரு தனிப் பிரிவுக்குப் போனது. பழைய மூன்று பிரிவுகளை மட்டும் எழுதிவைத்திருந்த மிரரில் அந்தப் பிரிவு வரவே இல்லை. வைஃபை வேலை செய்யாத மடிக்கணினியிலிருந்துதான் விஷயம் வெளியே தெரியும். ரெட்ஹேட் குடும்பத்தில் பவர்டூல்ஸ் என்ற களஞ்சியம் 9-ஆம் பதிப்பில் சிஆர்பி என்று பெயர் மாறியது. 'ரெப்போசிங்க்' என்ற ஒத்திசைவுக் கருவியைக் கொண்டு பேக்கேஜ்களை மட்டும் இறக்கி அட்டவணையை நீங்களே தயாரித்தால், எந்த அப்டேட் பாதுகாப்பு சார்ந்தது என்ற தகவல் வழியிலேயே உதிர்ந்துவிடும். 'பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் போடு' என்ற கட்டளைக்கு அதன்பிறகு எப்போதும் 'ஒன்றுமில்லை' என்றே பதில் வரும். மூல அட்டவணையையும் சேர்த்து இறக்கும் விருப்பம் அதே கருவியில் இருக்கிறது. வலைவழி நிறுவல் செய்பவர்கள், நிறுவிக்கான கோப்புகளும் மிரரில் வருகின்றனவா என்று தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல கருவிகள் கேட்டால்தான் அவற்றை எடுக்கும்.

ஆதரவு முடிந்த பதிப்புகளின் கதை தனி. ஒரு பதிப்பின் ஆயுள் முடிந்ததும் அது முதன்மைக் களஞ்சியத்திலிருந்து காப்பகத்துக்கு நகர்த்தப்படும். சென்ட்ஓஎஸ் 8 இன் ஆயுள் 2021 டிசம்பர் 31 அன்று முடிந்து, அடுத்த மாத இறுதியில் மிரர்களிலிருந்து எடுக்கப்பட்டது. 2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7 முடிந்தபோது மிரர் பட்டியல் சேவையே நின்றது; உலகெங்கும் பழைய இமேஜ்களிலிருந்து கன்டெய்னர் கட்டும் வேலைகள் ஒரே நேரத்தில் உடைந்தன. உள்ளூர் மிரர் இருந்தால் தப்பித்துவிடலாம் என்றுதான் தோன்றும். மேலிடம் நீக்கியதை நீக்கு என்று நீங்களே சொல்லிவைத்திருந்தால், உங்கள் மிரரும் விசுவாசமாக ஒரே இரவில் அத்தனையையும் துடைத்து வைத்திருக்கும். ஒரே ஓட்டத்தில் இத்தனைக்கு மேல் நீக்காதே என்ற உச்சவரம்பை ஆர்சிங்க்கில் வைக்க முடியும். மேலிடத்தின் வட்டு கோளாறாகி அடைவு வெறுமையாகத் தெரியும் நாளிலும் அதே வரம்புதான் காப்பாற்றும்.

கணினிகளில் எழுதும் முகவரியைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வழங்கலின் உண்மையான சர்வர் பெயரை, பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் உள்ளூர் மிரருக்குத் திருப்பிவிடும் தந்திரம் சிலருக்குப் பிடித்திருக்கிறது. எச்டிடிபிஎஸ் வந்ததும் சான்றிதழ் பொருந்தாமல் அது உடைந்துவிடும். உடையாவிட்டாலும், பிழை வந்தால் யாருடைய சர்வரில் கோளாறு என்று கண்டுபிடிக்க அரை நாள் போகும். சர்வரின் பெயரை எழுதாமல், மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பொதுப் பெயரை எழுதுங்கள். வெளியே எடுத்துச் செல்லும் மடிக்கணினிகளுக்கு ஆப்டில் ஒரு நல்ல வசதி உண்டு. மிரர்களின் பட்டியலை ஒரு சிறு கோப்பில் முன்னுரிமையோடு எழுதிவைத்தால், உள்ளூர் மிரர் கிடைக்காதபோது அது தானாகவே பொது மிரருக்குப் போய்க்கொள்ளும். ஆர்ச்சில் பட்டியலில் முதல் வரியாக உள்ளூர் முகவரியை வைத்தாலே போதும், அடுத்த வரிகள் தானாகவே துணைக்கு வரும்.